எள்ளினும் சிறிய உயர்மட்ட முடிவு

பெரிய மனிதர்கள் பெரிய விஷயங்களுக்காகத்தான் கூடுவார்கள் என்பது விவரம் தெரியாதவர்களின் நினைப்பு. எள்ளைவிடச் சிறிய ஒரு பொருளுக்காக நான்கு பெரிய மனிதர்கள் ஏழு மாதம் கூடி, பதினோரு கூட்டம் நடத்தி, இருநூறு போண்டாவுக்குக் குறையாமல் உட்கொண்டு, கடைசியில் அந்தப் பொருளை மனிதக் கண்ணிலிருந்தே மறைத்துக் காட்டிய சாதனை சிதம்பரத்தில் நிகழ்ந்தது. அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு ரகசியம் உண்டு. இது இரண்டாவது.

சாதனை நிகழ்ந்த இடம் புறவழிச்சாலை ஓரத்தில் உள்ள தில்லை உயர்நுட்பப் புத்தாக்க மையம். சாதித்தது 'பரப்பமர் பாக அளவுத் தேர்வு உயர்மட்டக் குழு'. பதினோரு கூட்டத்திலும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் இளவரசு. மையத்தில் அவன் ஒப்பந்த வேலையில் இருந்தான். மின்சுற்றுப் போர்டுகளை வரைவதுதான் அவன் வேலை. குழுவில் எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் குறிப்பும் அவன் தலையில் விழுந்தது.

வேலை என்னவோ சாதாரணமானது. கடலூர் பக்கம் குடிகாட்டில் ரசாயனத் தொழிற்பேட்டையை ஒட்டிக் குடியிருக்கும் அறுபது வீடுகளுக்குச் சுவரில் மாட்டும் எச்சரிக்கைப் பெட்டி செய்ய வேண்டும். காற்றில் நச்சு வாடை ஏறினால் பெட்டி ஊத வேண்டும். ஊதினால் ஜனங்கள் ஓட வேண்டும். அவ்வளவுதான். பெட்டிகளைக் கையால் சால்டரிங் செய்து தரக் கடலூர் முதுநகரில் சவரிமேரியும் ஐந்து பெண்களும் இருந்தார்கள். சவரிமேரிக்கு நாற்பத்தாறு வயது. புதுச்சேரியில் ஒரு டி.வி. கம்பெனி மூடுகிற வரைக்கும் பத்தொன்பது வருஷம் அங்கே ஈயம் வைத்தவள்.

போர்டில் வைக்கிற குட்டி ரெசிஸ்டர், கெபாசிட்டர்களுக்கு அளவைக் குறிக்க நாலு இலக்க எண் உண்டு. 1206, 0805, 0603, 0402 என்று எண் இறங்க இறங்க உருவமும் சிறுக்கும். 1206 எள்ளளவு. 0603 கேழ்வரகு அளவு. அதற்கும் கீழே போனால் மெஷின்தான் வைக்க வேண்டும். மனிதன் வைத்தால் கண் போகும். இளவரசு யோசித்து எல்லாவற்றையும் 1206 ஆகவே வைத்து, மாதிரிக்கு இருபது வெற்றுப் போர்டு அடித்து வரவழைத்து, முதல் கூட்டத்தில் மேசைமேல் வைத்தான்.

தலைவர் முனைவர் ராமாமிர்தம் ஒரு போர்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது."

"என்ன சார்?"

"இத யாரு மக்களுக்குக் கொடுத்தாங்கன்னு மக்களுக்கே தெரியாம போயிடுமே."

அதாவது போர்டில் தலைவர் பெயர் இல்லை. அச்சிட இடமும் இல்லை. எள்ளளவுப் பாகங்களுக்கு விட்ட ஈயத் திட்டுகள் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. பெயர், பட்டம், குழுவின் பெயர், மையத்தின் முத்திரை, 'மக்கள் நலனே எங்கள் மூச்சு' என்ற முழக்கம், இத்தனையும் ஏற வேண்டுமானால் பாகங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். மக்கள் நலனுக்காகச் சிறியவர்கள் ஒதுங்குவது நாட்டில் புதிதல்ல.

"போர்டப் பெருசாக்கிடலாம் சார்," என்றான் இளவரசு. "பெட்டி டிபன் பாக்ஸ் சைஸ் இருக்குது. உள்ள பேட்டரி போக ஒரு தேங்காய் வைக்கலாம்."

அப்போதுதான் ஆலோசகர் சித்தார்த் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். பெங்களூரிலிருந்து மாதம் இருமுறை வந்து போகிற அவன், எந்த விஷயத்தையும் 'அடுத்த கட்டத்துக்கு' எடுத்துப் போகிறவன். முந்தைய கட்டத்தில் யாராவது மாட்டிக்கொண்டால் அது அவன் பொறுப்பில்லை.

"சார், உங்க போனுக்குள்ள இருக்கிற கெபாசிட்டர் இதுல அஞ்சுல ஒரு பங்கு. உங்களுக்குச் சின்னது, குடிகாட்டு ஜனங்களுக்கு மட்டும் பழைய பெருசா? இது சமூக அநீதி சார். 0402 போடுவோம்."

"போனுக்கு மெஷின் வைக்குது. இங்க சவரிமேரி அக்கா கையால வைக்கணும்."

"மெஷினால முடியறது பெண்களால முடியாதுன்னு சொல்றீங்களா?"

அன்றைய குறிப்பில் இளவரசு தன் கையாலேயே இப்படி எழுதினான்: 'பெண்களின் ஆற்றல் குறித்து உதவியாளர் எழுப்பிய ஐயம் வருத்தத்துடன் நிராகரிக்கப்பட்டது.'

இரண்டாம், மூன்றாம் கூட்டங்களைத் தமிழாக்க உறுப்பினர் முனைவர் அறிவழகன் எடுத்துக்கொண்டார். போர்டின் பரப்பில் அமர்கிற ரெசிஸ்டருக்கு அவர் வைத்த பெயர் 'பரப்பமர் தடையம்'. நடுவில் 'த்' வருமா வராதா என்ற கேள்வி எழுந்து, வலி மிகும் என்று ஒரு கூட்டமும் மிகாது என்று ஒரு கூட்டமும் நடந்தன. வலி எந்த வீட்டில் மிகப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஐந்தாம் கூட்டத்தில் சமரசம் பிறந்தது. இளவரசு கேட்டது 1206, சித்தார்த் கேட்டது 0402, நடுவில் 0603. நடுநிலைமை காத்த தலைவரை உறுப்பினர்கள் கைதட்டிப் பாராட்டினார்கள். இளவரசு பஸ் பிடித்துக் கடலூர் போய்ச் சவரிமேரியிடம் சொன்னான்.

"கேழ்வரகு சைஸா?" என்றாள் அவள். "கஷ்டம்தான். ஆனா வச்சுடலாம். டி.வி. கம்பெனில அதையும் பாத்திருக்கேன்."

அத்தோடு முடிந்திருந்தால் இது கதையே இல்லை. குழுவில் கொள்முதல் அலுவலர் சுப்பராயலு என்று ஒருவர் இருந்தார். சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்து எழுத்துக்கூட்டியே கடைப்பிடிப்பவர். பாகங்களுக்கு ஆர்டர் போடும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: '0603 என்பது அங்குலக் கணக்கா, மெட்ரிக் கணக்கா?' உலகத்தில் பாதிப்பேர் அங்குலத்திலும் மீதிப்பேர் மில்லிமீட்டரிலும் இந்த எண்ணைச் சொல்வதால் வந்த கேள்வி. அங்குலக் கணக்கில் 0603 என்றால் கேழ்வரகு. மெட்ரிக் கணக்கில் அதே 0603 என்றால் அந்தக் கேழ்வரகை அரைத்துச் சலித்த பிறகு சல்லடையிலும் தங்காத தூசி. நீளமே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான்.

சுப்பராயலு ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இந்தியா மெட்ரிக் நாடு. அங்குலம் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. தேசப்பற்றோடு மெட்ரிக்கில் ஒரு டிக் அடித்தார்.

பத்து நாள் கழித்துச் சவரிமேரி போன் செய்தாள்.

"தம்பி, பொட்டலம் வந்துது. உள்ள ஒண்ணும் இல்ல."

"இருக்கும்க்கா. பிளாஸ்டிக் நாடால குழி குழியா இருக்கும் பாருங்க."

"குழி இருக்குது. குழிக்குள்ள அழுக்கு மாதிரி ஏதோ இருக்குது. நம்ம பட்டறை சந்திரலேகா கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்துட்டா. அவளும் அழுக்குன்னுதான் சொல்றா."

இளவரசு ஓடினான். ஒரு துகளை இடுக்கியில் எடுத்து, தான் வரைந்த போர்டில் இரண்டு ஈயத் திட்டுகளுக்கு நடுவே வைத்தான். அது இந்தத் திட்டையும் தொடவில்லை, அந்தத் திட்டையும் தொடவில்லை. நடுப்பள்ளத்தில் சுகமாகப் படுத்துக்கொண்டது.

"கெடிலத்துல பாலம் கட்டுறேன்னு நடு ஆத்துல ஒரு பலகையைப் போட்ட மாதிரி இருக்குது," என்றாள் சவரிமேரி. "ரெண்டு கரையும் தொடாத பாலத்து மேல கரண்டு எப்படி தம்பி நடந்து போவும்?"

எட்டாம் கூட்டத்தில் அவன் இதைச் சொன்னான். பாகங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சரியான அளவை வரவழைக்கலாம் என்றான்.

"திருப்பி அனுப்புனா தப்பு நடந்துச்சுன்னு ஆவும்," என்றார் சுப்பராயலு. "தப்பே நடக்கலையே. படிவத்துல கேட்டாங்க, பதில் சொன்னேன்."

சித்தார்த்துக்குக் கண்கள் கலங்கிவிட்டன. "சார், நான் கேட்டது 0402. நீங்க அதையும் தாண்டிட்டீங்க. பெங்களூர்லகூட யாரும் கையால இத வச்சதில்ல!"

பெங்களூரில் ஏன் யாரும் வைத்ததில்லை என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாரும் சிறுமதி படைத்தவர்கள் இல்லை. பாகத்துக்குத் தகுந்தபடி போர்டையே மாற்றி வரைய வேண்டும் என்று தீர்மானமாயிற்று. இளவரசின் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அவன் மறுபேச்சுப் பேசாமல் ஒரே நாளில் வரைந்து கொடுத்தான். மிச்சமான இடத்தில் தலைவரின் பெயர் தடித்த எழுத்தில், மூன்று பட்டங்களோடு, கம்பீரமாக உட்கார்ந்தது.

கடலூரில் வேலை தொடங்கியது. மே மாதம். மின்விசிறி போட்டால் பாகங்கள் பறக்கும் என்பதால் மின்விசிறிக்குத் தடை. ஆறு பெண்களும் கண்ணில் பூதக்கண்ணாடியும் கழுத்தில் துண்டுமாக உட்கார்ந்தார்கள். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை விழுந்தால் போதும், கெபாசிட்டர்கள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. மூன்றாம் நாள் சந்திரலேகா தும்மினாள். முப்பத்தெட்டுப் பாகங்கள் காலி.

மையத்திலிருந்து உடனே சுற்றறிக்கை பறந்து வந்தது. பணி நேரத்தில் தும்முதல் கூடாது. தவிர்க்க இயலாத தும்மல்களுக்குப் பதிவேடு வைக்க வேண்டும். தேதி, நேரம், தும்மியவர் பெயர், தும்மலின் தன்மை, இழந்த பாகங்கள், மேற்பார்வையாளர் ஒப்பம் என்று அதில் கோடு போட்டு அனுப்பியிருந்தார் சுப்பராயலு. கை நடுங்காமலிருக்க சித்தார்த் 'மனக்குவிப்புப் பயிலரங்கு' ஒன்று நடத்தினான். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னான். புழுக்கத்தில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். அது வெற்றி என்று அறிக்கை போயிற்று.

"கடுகுக்குக் காது குத்தி கம்மல் மாட்டச் சொல்றாங்க," என்றாள் சவரிமேரி. "அதுல தும்மாத, வேர்க்காத, மூச்சு விடாதன்னு சட்டம் வேற. பொணந்தான் வந்து இந்த வேலைய செய்யணும்."

கள ஆய்வுக்குக் குழுவே நேரில் வந்தது. அன்று திருவந்திபுரத்தில் சுப்பராயலுவின் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, தாம்பூலப் பையும் கையுமாக நால்வரும் பட்டறைக்குள் நுழைந்தார்கள். தலைவர் உற்சாகமாக இருந்தார்.

"கொடும்மா அந்த இடுக்கிய. மனசு வச்சா எதுவும் கஷ்டமில்ல."

முதல் பாகத்தை இடுக்கியால் அழுத்தினார். அது 'டிக்' என்று எங்கோ தெறித்தது. நால்வரும் தரையில் குனிந்து தேடினார்கள். கிடைக்கவில்லை.

"பதிவேட்டுல ஏத்தணுமே சார்," என்றார் சுப்பராயலு.

"நான் தும்மலையே."

"அப்ப எந்தக் கட்டத்துல எழுதறது?"

காற்றே இல்லாத அறையில் 'காற்றோட்டம்' என்று எழுதப்பட்டது. இரண்டாவது பாகமும் காற்றோட்டத்தில் போயிற்று. மூன்றாவது, சால்டரிங் அயன் நுனியில் ஒட்டிக்கொண்டு கூடவே மேலே வந்துவிட்டது. தலைவர் அயனைக் கீழே வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு வச்சுட்டுப் போங்க சார்," என்றாள் சவரிமேரி. குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. "பாத்துக் கத்துக்கறோம்."

"தலைமையோட வேலை வைக்கிறதில்லம்மா. வைக்கச் சொல்றது."

ஒரு மாதத்தில் நாற்பத்தெட்டு பெட்டிகள் தேறின. இளவரசு அவற்றில் பத்தை எடுத்து, ஆய்வகத்தில் அமோனியா நனைத்த பஞ்சை ஒவ்வொன்றின் அருகிலும் காட்டினான். ஒன்றுகூட ஊதவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பாதிப் பாகங்கள் ஒருபக்கக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. ஈயம் சில இடத்தில் ஒட்டவில்லை, சில இடத்தில் பக்கத்து வீட்டோடு உறவு கொண்டாடியது. பத்தாம் கூட்டத்தில் இதைச் சொன்னான்.

"பஞ்சுக்கெல்லாம் ஊதுற கருவிய யாரு கேட்டா?" என்றார் தலைவர். "பெட்டியில பச்ச விளக்கு எரியுதா?"

"எரியுது சார். ஆனா அது பேட்டரியோட நேரா சேர்ந்த விளக்கு. போர்டே இல்லன்னாலும் எரியும்."

"எரியுதா இல்லையா?"

"எரியுது சார்."

'பச்சை விளக்கு எரியும் கருவிகள் அனைத்தும் தரத்தேர்வில் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றதாகக் குழு மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது' என்று எழுதிய கை இளவரசின் கைதான். எழுதி முடித்து நிமிர்ந்தபோது தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தார். விழா அடுத்த வாரம். அறுபது பெட்டி வேண்டும். இன்னும் பன்னிரண்டு குறைகிறது. எப்படியாவது வேண்டும்.

"எப்படியாவதுன்னு சொன்னாரா?" என்று கேட்டாள் சவரிமேரி.

"ஆமாக்கா."

"அப்ப அந்த மொத போர்டு என்னாச்சு? எள்ளு சைஸ் வச்சு இருபது அடிச்சியே?"

அது ஆய்வக அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. 1206 பாகங்களும் மாணவர்களின் பழைய செய்முறைப் பெட்டியில் கிடைத்தன. இளவரசு இரண்டையும் பையில் போட்டுக் கடலூருக்குக் கொண்டுவந்தான். சவரிமேரி முதல் காரியமாக எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டாள். அக்கடா என்று ஆறு பேரும் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு, இரண்டே மதியத்தில் பன்னிரண்டு போர்டையும் முடித்தார்கள். சந்திரலேகா நாலுமுறை தும்மினாள், எதுவும் பறக்கவில்லை. பஞ்சைக் காட்டியபோது பன்னிரண்டும் காது கிழிய ஊதின. இளவரசு அவற்றை அதே பெட்டிகளில் மூடி நாற்பத்தெட்டோடு சேர்த்தான். அந்தப் போர்டுகளில் யார் பெயரும் இல்லை.

நாற்பத்தெட்டைப் பற்றி அவன் அன்று யாரிடமும் மூச்சு விடவில்லை. பன்னிரண்டாவது உருப்பட்டதே என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது.

விழா சிறப்பாக நடந்தது. பெட்டி ஏறிய வண்டியில் கடைசியாக ஏற்றிய பன்னிரண்டும் முதலில் இறங்கி மேலத் தெருவுக்குப் போயின. மீதி நாற்பத்தெட்டும் கீழத் தெரு முழுக்க மாட்டப்பட்டன. ஊரே பச்சை விளக்கில் மின்னியது.

மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, செம்மங்குப்பத்துப் பக்கமிருந்து வந்த ஒரு டேங்கர் லாரி குடிகாட்டு முனையில் நின்றது. அதன் வால்வு கசிந்து அமோனியா காற்றில் கலந்தது. டிரைவர் இறங்கி ஓடினார். மேலத் தெருவில் பன்னிரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் அலறின. ஜனங்கள் ஈரத்துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடித் தப்பினார்கள். கீழத் தெருவில் அமைதி நிலவியது. பதினோரு பேரைக் கடலூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

இளவரசு அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனான். கீழத் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் அமராவதி, கண்கள் சிவந்து வீங்க, நான்கு வயது மகளின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

"வாட வந்தப்பவே ஓடியிருப்பேன்," என்றாள். "மேலத் தெருவுல ஏதோ சத்தம் கேட்டுது. நம்ம பொட்டியப் பாத்தேன். பச்ச விளக்கு எரிஞ்சுது. நமக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சு, கதவ சாத்திக்கிட்டு புள்ளையோட உள்ளயே இருந்துட்டேன்."

பெட்டி இல்லாதிருந்தால் ஓடியிருப்பாள். இதை நினைத்தபோது இளவரசால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் பத்திரிகைகளில் 'உயிர்காத்த எச்சரிக்கைக் கருவி' என்று செய்தி. தலைவர் பேட்டி கொடுத்தார். இனிப்பு வழங்கப்பட்டது. சித்தார்த், ஊதிய பெட்டி ஒன்றை வாங்கிவந்து, பாராட்டுப் படம் எடுப்பதற்காகத் திறந்தான். உள்ளே தலைவரின் பெயர் இல்லை. முத்திரை இல்லை. முழக்கம் இல்லை. எள்ளளவு எள்ளளவாகக் கறுப்புப் பாகங்கள் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன.

சிறப்புக் கூட்டம் கூடியது. சவரிமேரி சிதம்பரத்துக்கு வரவழைக்கப்பட்டாள். அவளுக்கு நாற்காலி போடப்படவில்லை. குறிப்பெழுதுபவனின் நாற்காலிப் பக்கத்தில் நின்றாள்.

"அங்கீகாரம் இல்லாத பாகத்த வச்சது யாரு?" என்றார் தலைவர்.

"நான்தான் சார்."

"ஏன் வச்ச?"

"ஊதட்டும்னு வச்சேன்."

"ஊதணுமா வேணாமான்னு முடிவு பண்ண ஒரு குழு இருக்குது. தெரியுமா?"

"நாப்பத்தெட்டு யூனிட் ஒழுங்கா ஒரே மாதிரி நடந்துக்குது," என்றான் சித்தார்த். "பன்னெண்டு மட்டும் கத்துனா நம்ம பிராண்டோட சீர்மை என்ன ஆவும்?"

"'அத்துமீறிய ஒலி' என்று குறிக்கலாம்," என்றார் அறிவழகன். "ஒற்று மிகாது."

சவரிமேரி நால்வரையும் ஒருமுறை பார்த்தாள்.

"பதினோரு பேரு ஆஸ்பத்திரில கெடக்கறாங்க. அந்த நாப்பத்தெட்டு ஏன் ஊதலன்னு ஒருத்தர்கூட கேக்க மாட்டீங்களா சார்?"

"அது இன்னிக்கு பொருள் நிரல்ல இல்லம்மா," என்றார் சுப்பராயலு, காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டே.

இளவரசு பேனாவை எடுத்தான். ஏழு மாதமாக அவர்கள் பேசியதையெல்லாம் நன்மக்கள் பேசியது போல மாற்றி எழுதிப் பழகிய கை. அன்று அது மாற்றவில்லை. யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே எழுதியது. படிவத்தில் மெட்ரிக் டிக் அடித்தது, பெயருக்கு இடம் விட்டது, பஞ்சுச் சோதனையில் பத்தும் தோற்றது தெரிந்தும் பச்சை விளக்கைத் தேர்வாக வைத்தது, எல்லாமே முந்தைய கூட்டங்களின் தொடர்ச்சியாக வந்தன. கடைசியில் குழு எடுத்த இரண்டு தீர்மானங்கள். ஒன்று: ஊதிய பன்னிரண்டு கருவிகளையும் உடனே அகற்ற வேண்டும். இரண்டு: ஊதாத நாற்பத்தெட்டும் விதிப்படி இருப்பதால் அவை அங்கேயே இருக்கலாம்.

தலைவர் வாங்கி வரிவரியாகப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ரொம்பத் தெளிவு. உண்மைய உள்ளபடி எழுதியிருக்க. இதுவரைக்கும் எழுதுனதுலயே இதுதான் நல்ல குறிப்பு!"

நால்வரும் பெருமிதத்தோடு கையெழுத்திட்டார்கள். சுப்பராயலு முத்திரை குத்தினார்.

மறுநாள் பெட்டிகளைக் கழற்ற வந்த ஆட்களை மேலத் தெருப் பெண்கள் துடைப்பத்தோடு வரவேற்றுத் திருப்பி அனுப்பினார்கள். அதே நேரத்தில் அமராவதி காவல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள். கூடவே சவரிமேரி. ஸ்டேஷன் ரைட்டர் மூன்றாவது தாளைக் கசக்கிப் போட்டார்.

"அளவுங்கற, பாகங்கற, பச்ச விளக்குங்கற. யாரு, என்ன தப்பு, தெரிஞ்சு செஞ்சாங்களா தெரியாம செஞ்சாங்களா, ஒண்ணும் கோர்வையா வர மாட்டேங்குதேம்மா. என்னன்னு எழுதறது?"

வாசலில் நின்றிருந்த இளவரசு உள்ளே வந்து குறிப்பின் நகலை மேசைமேல் வைத்தான். ரைட்டர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் இத்தனை ஒழுங்கான புகாரை அவர் பார்த்ததில்லை. தேதி இருந்தது, நேரம் இருந்தது, யார் என்ன செய்தார் என்பது இருந்தது, தெரிந்தே செய்தார்கள் என்பதற்குக் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. திருத்த வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். மேலே 'கலந்துகொண்டோர்' என்றிருந்ததை அடித்துவிட்டு 'எதிரிகள்' என்று எழுதினார்.

பெயர்களைப் பேனாவால் தொட்டு எண்ணினார்.

"அஞ்சாவதா இளவரசுன்னு ஒரு பேரு இருக்குதே. யாரது?"

"நான்தான் சார்."

"நீயாப்பா? நீதான இதயே கொண்டாந்து கொடுத்த. உன் பேர அடிச்சுடவா?"

இளவரசு அமராவதியைத் திரும்பிப் பார்த்தான். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"இருக்கட்டும் சார்," என்றான். "போர்டு வரைஞ்சது நான்தான்."